அம்மாவின் கணுக்கால் புண் 8 மாதமாக ஆறவில்லை. இறுக்கிக் கட்டலாமா?

மழைக்குருவி:
அம்மாவுக்கு 67 வயது. இடது கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குச் சற்று மேலே புண். முதலில் வெறும் அரிப்பு. சொறிந்ததில் தோல் உரிந்தது. இப்போது என் உள்ளங்கையில் பாதி அளவு. சுற்றியுள்ள தோல் துருப்பிடித்ததுபோல் பழுப்பாகிவிட்டது. நாள் முழுக்க நீர் வடிகிறது, மாலையில் கால் வீங்குகிறது. சர்க்கரை நோய் இல்லை. மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்று. இறுக்கிக் கட்டினால்தான் ஆறும் என்கிறார் ஒருவர். ரத்த ஓட்டம் நின்றுவிடும், கட்டாதே என்கிறார் இன்னொருவர். வாடைக்குக் கூசி அம்மா யாரையும் பக்கத்தில் உட்கார விடுவதில்லை. என்ன செய்யட்டும்?

வீட்டுச்செவிலி:
இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. நீங்கள் சொல்வது வெரிகோஸ் புண் மாதிரிதான் தெரிகிறது. ரத்தத்தை மேலே அனுப்பும் சிரைகளில் வால்வு பழுதானால் ரத்தம் காலிலேயே தேங்கும். துரு என்றீர்களே, அது உண்மையிலேயே இரும்புதான். கசிந்த சிவப்பணுக்கள் விட்டுப்போன கறை. உள்ளே அந்த அழுத்தம் இருக்கிறவரை மேலே எதைத் தடவினாலும் புண் மூடுவது கடினம். இதற்குக் கட்டுதான் மருந்து.

ஆனால் அதற்கு முன்னால் டாப்ளர் சோதனை கட்டாயம். கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.8 முதல் 1.3 வரை வந்தால் பொதுவாக முழு இறுக்கமும் தாங்கும். 0.5க்குக் கீழே என்றால் தமனியில் கடுமையான அடைப்பு. இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து.

நீங்களாகக் கட்டவும் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்குக் கணுக்காலிலிருந்து கட்ட ஆரம்பித்துவிட்டேன். மறுநாள் பாதம் மட்டும் உப்பி, கட்டின் விளிம்பு தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. என்னிடம் சொல்லத் தயங்கி இரவெல்லாம் வலியோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பள்ளத்தை இன்னும் மறக்கவில்லை. கால்விரல்களின் அடியில் தொடங்கி, குதிகாலையும் மூடி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிக்க வேண்டும். விரல் நீலமானாலோ மரத்தாலோ, வலி கூடினாலோ நள்ளிரவானாலும் பிரித்துவிடுங்கள்.

ஆன்டிபயாடிக் விஷயம்: இந்தப் புண்ணில் கிருமி இருக்கத்தான் செய்யும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஏதாவது வரும். சிவப்பு பரவினால், சூடு, காய்ச்சல், திடீர் வலி வந்தால்தான் ஆன்டிபயாடிக் தேவை. வாடை பற்றி அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: நீர் குறையக் குறைய வாடையும் குறையும்.

அப்புறம், ரத்தநாள மருத்துவரிடம் சிரை ஸ்கேன் கேளுங்கள். பழுதான சிரையை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் செய்தால் புண் சீக்கிரம் ஆறுகிறது. 2018இல் வந்த ஈவ்ரா ஆய்வில் சீக்கிரமே செய்தவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற 56 நாள் ஆனது. தாமதமாகச் செய்தவர்களில் 82 நாள்.

பழையகால்:
எனக்கு ஆறி, திரும்பி வந்த புண் இது. ஆறியதும் அழுத்தக் காலுறையை விட்டதுதான் நான் செய்த தவறு. இப்போது கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, கால் வீங்குவதற்குள் போட்டுவிடுகிறேன். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டால் இழுப்பது சுலபம். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப்.

மழைக்குருவி:
டாப்ளர் 1.02 வந்தது அக்கா. கட்டுப் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. முதல் மூன்று இரவு அம்மா பிரிக்கச் சொல்லி அழுதார்; விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருந்தேன். இன்று பிரித்தபோது வீக்கம் வற்றி, கெண்டைக்கால் தோலில் சுருக்கம் விழுந்திருந்தது. புண்ணின் ஓரத்தில் நூலளவுக்கு இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். செவிலியர் தாளில் வரைந்த புண்ணின் விளிம்புக் கோடு முதல் நாள் கோட்டுக்குள்ளே விழுந்திருக்கிறது. அந்தத் தாளை அம்மா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.