சாஸ்திரியின் முடிவுகளைக் கோப்பிலும் களத்திலும் சந்தித்தவர்கள்: அனுபவப் பகிர்வு

திரி தொடங்கியவர்
லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தது 1964 ஜூன் 9 முதல் தாஷ்கண்டில் இறந்த 1966 ஜனவரி 11 வரை. மொத்தம் 19 மாதம். அவருடைய எளிமையைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. அவர் எடுத்த முடிவு ஏதாவது உங்கள் துறையில் எதிர்ப்பட்டிருந்தால், அது எப்படி நடைமுறைக்கு வந்தது, எங்கே சிக்கியது என்று எழுதுங்கள். அமைச்சராக இருந்த காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பொன்மலை
முதலில் ஒரு திருத்தம். மெஹபூப்நகர் விபத்துக்காக அவர் ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். 1956 செப்டம்பரில் நடந்த அந்த விபத்தில் 112 பேர் இறந்தார்கள். சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. ஏற்கப்பட்டது இரண்டாவது ராஜினாமா. அதற்குக் காரணம் நம்ம அரியலூர். 1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்று வெள்ளத்தில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன் செங்கல்பட்டுக்காரர் என்பதால், 1957 தேர்தல் மேடைகளில் அவர் பெயரை வைத்தே முழக்கம் கட்டினார்கள்.

இப்படிப்பட்ட விபத்தில் பாலத்தின் தூணை விட, பாலம் கரையைத் தொடும் இடத்து மண்தான் முதலில் போகும். கண்வாய் (பாலத்தடியில் தண்ணீர் போகும் வழி) தாங்காத அளவு தண்ணீர் வந்தால் ஓரச்சுவருக்குப் பின்னால் அரிப்பு எடுக்கும். மண் போன பிறகும் தண்டவாளமும் கட்டையும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். இருட்டில் எஞ்சினிலிருந்து பார்ப்பவருக்குப் பாதை தொடர்ச்சியாகத்தான் தெரியும். அதனால்தான் மழைக்கால ரோந்து இவ்வளவு முக்கியம். கரை உடைந்ததைப் பார்த்த ரோந்துக்காரர், வண்டி முதலில் வரக்கூடிய திசையில் சிவப்பு விளக்கோடு ஓட வேண்டும். அகலப்பாதையில் உடைப்பிலிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர் (தண்டவாளத்தில் வைக்கும் எச்சரிக்கை வெடி), 1,200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளி விட்டு மூன்று. மீட்டர் கேஜில் 400, 800. அப்போது அந்தத் தடம் மீட்டர் கேஜ். ஒற்றைப் பாதையில் ஒரே ஆள் இரண்டு பக்கத்தையும் காக்க வேண்டியிருப்பதுதான் இதில் பலவீனமான இடம். அமைச்சர் விலகியதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கரையை மறந்துவிடுவது அந்த உயிர்களுக்கு நியாயம் ஆகாது.

வெண்ணாறு
நெல் பக்கத்திலிருந்து சுருக்கமாக. விவசாய விலைக் கமிஷனும் இந்திய உணவுக் கழகமும் 1965 ஜனவரியில் வந்தவை. அப்போது உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறந்தது, தலைமையகம் சென்னையில் இருந்தது. விலையை ஒரு அமைப்பு பரிந்துரைக்க, இன்னொன்று வாங்கும் என்ற அந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் ஓடுகிறது. டெல்டாவில் சிக்குவது ஈரப்பதத்தில். கொள்முதலுக்கு விதி 17 சதவீதம். குறுவை அறுப்பு மழையில் மாட்டினால் நெல் 20ஐத் தாண்டிவிடும். தளர்வு கேட்டு மாநிலம் எழுத வேண்டும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்க வேண்டும், உத்தரவு வர வேண்டும். அதுவரை களத்தில் குவித்த நெல் முளைக்கும்.

கூடலூர் தோட்டம்
எங்கள் பக்கத்தில் சாஸ்திரி என்றால் ஒப்பந்தம்தான். 1964 அக்டோபர் 30, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவோடு டெல்லியில் செய்தது. மலையக மக்களில், அதாவது இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில், நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது, 15 ஆண்டில் முடிப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவானது. அந்த மிச்சத்தை 1974இல் இந்திரா காந்தி ஆளுக்கு 75,000 என்று பிரித்தார். கொழுந்து பறித்த சனத்திடம் எங்கே இருக்க விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. சாஸ்திரி மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இந்தக் குறையை மறைக்க மனம் வரவில்லை.

இந்தக் குடும்பங்களின் பேப்பரைப் பார்ப்பவர்கள் மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்த எண்ணிக்கையில் அடங்குபவர் வேறு, அதன் பிறகு பிறந்த 'இயற்கைப் பெருக்கம்' வேறு. பின்னதை மேற்படி எண்ணிக்கையில் கழிக்க மாட்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு கணக்கிலும் தங்கை இன்னொரு கணக்கிலும் இருப்பது இதனால்தான், அது எழுத்துப்பிழை இல்லை. அடுத்து, விண்ணப்பக் கடைசி நாள் 1970 ஏப்ரல் 30. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கீட்டை விட மிக அதிகம், இந்தியாவுக்குக் கேட்டவர்கள் ஒதுக்கீட்டை விடக் குறைவு. இலங்கை மறுத்து, இந்தியாவுக்கும் விண்ணப்பிக்காமல் நடுவில் நின்றவர்கள் அந்த இடைவெளியில் விழுந்தவர்கள். மூன்றாவது பெயர். தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் ஒரு மாதிரி. 'முத்துசாமி' ஒன்றில் 'முத்துச்சாமி' ஆவார், இன்னொன்றில் தகப்பன் பெயரே அவர் பெயராகிவிடும். வயதும் குத்துமதிப்பு. ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டால் சிக்கல் கூடும். பாஸ்போர்ட் எண்ணை அடிப்படையாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள்.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகாமல், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு கப்பல் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு வந்தது. இறங்கியவர்களை மண்டபம் முகாமில் பதிந்து, வியாபாரக் கடன், நூற்பாலை, ரப்பர் தோட்டம், தேயிலை என்று பிரித்து அனுப்பினார்கள். கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டம் 1968இல் தொடங்கியது இவர்களுக்காகத்தான். வியாபாரக் கடன் வாங்கியவர்களில் பலர் தோற்றார்கள். தலைமுறையாகத் தோட்ட வேலை மட்டும் தெரிந்த குடும்பத்தைப் பழக்கமில்லாத ஊரில் கடை வைக்கச் சொன்னால் வேறென்ன நடக்கும்?

மண்டபம்
கூடலூர் அண்ணா, 1984இல் கப்பல் நின்ற பிறகு படகில் வந்து முகாமில் இருக்கும் மலையகத்தவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்க இதில் வழி உண்டா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கூடலூர் தோட்டம்
தம்பி, முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், முகாமில் பிறந்திருந்தாலும், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவருக்கு, பிறக்கும்போது தாய் தகப்பனில் ஒருவர் இந்தியக் குடியாக இருந்தால் போதும். அங்கேதான் பழைய ஒப்பந்தப் பேப்பர் உயிர் பெறுகிறது. அப்பாவோ அம்மாவோ இலங்கையில் இருந்தபோதே இந்தியக் குடியாகப் பதிவாகி, கலவரத்தால் கப்பலேற முடியாமல் போய், பிறகு படகில் வந்திருந்தால், அந்தப் பதிவு பிள்ளைக்கும் உதவும். 2004க்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் கஷ்டம். ஒருவர் இந்தியக் குடியாக இருந்தாலும், மற்றவர் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் என்றால் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல் குறுக்கே நிற்கும். 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை சேரவில்லை.

அதனால் பழைய டிரங்குப் பெட்டியில் தேடச் சொல்லுங்கள். கிழிந்த பாஸ்போர்ட், விண்ணப்ப ரசீது, தோட்டப் பிறப்புச் சான்று, எது கிடைத்தாலும் லேமினேட் செய்ய வேண்டாம். சரிபார்ப்பவர் முத்திரையின் மையையும் தாளையும் பார்க்க வேண்டியிருக்கும். எண் மட்டும் தெரிந்தால், தாத்தா பெயர், தோட்டப் பெயர், டிவிஷன் மூன்றையும் சேர்த்து எழுதிக் கண்டியில் உள்ள இந்திய உதவித் தூதரகத்துக்குக் கடிதம் போடுங்கள். தோட்டப் பெயரைத் தமிழ் வழக்கில் மட்டும் எழுதினால் கண்டுபிடிக்க மாட்டார்கள், கம்பெனி வைத்த பெயரும் வேண்டும். நகலை மட்டும் அனுப்புங்கள், அசலைக் கொடுக்காதீர்கள்.