புதுப்பிப்பு: வார்டில் கவனிக்கத் தொடங்கிவிட்டேன்

பயிற்சி மருத்துவர்கள் வார்டில் எப்படிக் கற்கிறார்கள் என்று அறியக் கேள்வித்தாள் போதுமா, நேரில் பார்க்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நேரில் பாருங்கள் என்றே பலரும் சொன்னீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, சேலத்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் கவனித்து வருகிறேன்.

நல்ல வேளை, கேள்வித்தாளோடு நிற்கவில்லை. இரவுப் பணியில் மூத்த சிஸ்டர் பயிற்சி மருத்துவரிடம், "தம்பி, ஊசியை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க" என்றபடி குழந்தையின் கையைத் தானே பிடித்துக்கொடுக்கிறார். இதைப் பாடம் என்று இருவருமே நினைப்பதில்லை. என்ன கற்றீர்கள் என்று பயிற்சி மருத்துவர்களைக் கேட்டால், மூத்த மருத்துவரோடு நோயாளிகளைப் பார்த்து வரும் ரவுண்ட்ஸில் கற்றதைத்தான் சொல்வார்கள். ஓரத்துச் சின்ன வேலைகளில் தொடங்கி மெல்ல மையத்துக்கு வருவதே கற்றல் என்று கற்றல் ஆய்வாளர்கள் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991இல் எழுதியது இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தால் இயல்பாக இருப்பார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில் விறைப்பாகத்தான் இருந்தார்கள். வேலை குவிந்ததும் என்னை மறந்துவிட்டார்கள். சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கரின் குழு அமெரிக்காவின் கன்சாஸ் மருத்துவ மாணவர்களோடு நெடுநாள் கூடவே இருந்ததன் அருமை இப்போது புரிகிறது.

குறிப்பேட்டில், பார்த்தது ஒரு பக்கம், நான் நினைப்பது எதிர்ப்பக்கம். நோயாளியின் பெயர் எங்கும் இல்லை. வார்டில் இருக்கும்போது சில சொற்கள் மட்டும் குறித்துக்கொள்கிறேன். அன்றிரவே விரித்து எழுதிவிடுகிறேன்.

அடுத்து, டியூட்டி மாறும் நேரத்தைக் கவனிக்கப் போகிறேன். அதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.