புதுப்பிப்பு: வீட்டு ஏறுசுவரில் முக்கோண வண்ணங்கள், சுற்றும் டி-நட்

வீட்டில் ஏறிப் பழகக் கட்டிய சுவரின் பலகையில் முக்கோண வண்ணங்கள் பூசியதும் கால் வழுக்குகிறது, பின்னால் டி-நட் (கைப்பிடிகளின் போல்ட்டை இறுக்கப் பலகையின் பின்புறம் பதிக்கும் மரையுள்ள நட்) சுற்றுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, இரண்டும் சரியாகிவிட்டன.

வழுக்கலுக்குக் கைகொடுத்தது பெயிண்டில் சலித்த சிலிக்கா மணல் கலக்கும் யோசனை. மணல் வாளியின் அடியில் தங்கிவிடும், ரோலரை முக்கும்போதெல்லாம் கிளற வேண்டும். எதிர்பாராதது ஒன்று: மணல் பூச்சில் மாஸ்கிங் டேப் சரியாக ஒட்டாமல் அடுத்த நிறம் அடியில் கசிந்தது. டேப் விளிம்பில் முதலில் அடிநிறத்தையே பூசி அடைத்து, காய்ந்தபின் புதுநிறம் பூசி, ஈரத்திலேயே உரித்தால் கோடு கத்தியால் வெட்டியதுபோல் கூராக வருகிறது.

டி-நட்டில் மரத்தில் குத்தி நிற்கும் முள் வகை வேண்டாம். மூன்று திருகாணி போடும் எம்10 (10 மி.மீ. போல்ட்டுக்கான) வகைதான் சுற்றாமல் நின்றது. பிளைவுட் 18 மி.மீ., துளை 12 மி.மீ. பூச்சு முடிந்த பிறகே மாட்டுங்கள். மரையில் பெயிண்ட் புகுந்தால் போல்ட் பாதியில் இறுகிக்கொள்ளும்.