தெருவிளக்குக்குக் காசில்லையாம், எல்லாம் சம்பளத்துக்கே போகுதாம்

ஏழாம் வட்டாரம்:
இன்னொரு குழுவில ஒரு பெரிய மனுசர் எழுதியிருக்கிறார்: "சபை வருமானத்தில் பெரும்பகுதி ஊழியர் சம்பளத்துக்கே போய்விடுவதால் மின்விளக்குகளுக்கு நிதி போதாது." வாசிச்சவுடன பத்திக்கொண்டு வந்தது. வீட்டுக்கும் காணிக்கும் சபைக்குச் சோலைவரி கட்டுறது நாங்கள். அந்தக் காசில சம்பளம் எடுக்கிறது அவையள். பிறகு எங்களுக்கே பஞ்சப்பாட்டு. கொழும்பை ஒட்டிக் கிடக்கிற ஒரு சின்ன நகர சபைக்கு ஒரு பல்பு மாத்த மூண்டு மாசமாம்.

பழைய கோப்பு:
அந்தப் பெரிய மனுசரும் பிழை, நீரும் பிழை. நிரந்தர ஊழியரின்ர சம்பளம் உம்மட சோலைவரியில இருந்து போறதில்லை. திறைசேரியில இருந்து மாகாணத்துக்கு வந்து, அங்கயிருந்து சபைக்கு மீளளிப்பாக வாறது. பாதீட்டுப் புத்தகத்தில வருமானப் பக்கத்தைத் திறந்து பாரும், மானியம் எண்டு தனியாக் கிடக்கும். சோலைவரி போறது வேற இடத்துக்கு: நிரந்தரமில்லாத அமைய ஊழியரின்ர நாட்கூலி, அவைக்குச் சபை கட்டவேண்டிய 12% சேமலாப நிதி, 3% நம்பிக்கை நிதி, டீசல், டயர், குப்பை கொட்டுற இடத்தில தொன் கணக்கில அறவிடுற காசு. இதெல்லாம் போக மிஞ்சினதிலதான் உம்மட பல்பு.

ஏழாம் வட்டாரம்:
திறைசேரிக் காசு என்ன வானத்தில இருந்தா கொட்டுது? 18% வற் கட்டுறது ஆர்? சம்பளம் எங்கட வரிக்காசுதான்.

பழைய கோப்பு:
"சோலைவரி" எண்டு எழுதினது நீர். மேல போய் வாசியும். இப்ப வற் வரிக்குத் தாவுறீர்.

நிஸா தெஹிவளை:
சம்பளத்த விடுங்க நாநா, லைட்டுக்கு வாங்க. ஒரு கம்பத்துல மட்டும் எரியல்லன்டா பல்பு, இருட்டுப் பட்டா லைட்டப் போடுற போட்டோசெல், இல்லாட்டி எல்ஈடிக்குக் கரண்ட சீராக் குடுக்கிற ட்ரைவர். இடி மின்னலுக்குப் பொறகு போறது கூடுதலா ட்ரைவர்தான். பகல்லயும் எரிஞ்சிட்டே இருந்தா போட்டோசெல்லுக்குள்ள தண்ணி. பழைய சோடியம் லைட்டு பத்தி அணைஞ்சி திரும்பப் பத்துதுன்டா பல்புக்கு ஆயுசு முடிஞ்சி. இதெல்லாம் சபை வேல. ஆனா வரிசையா நாலஞ்சி கம்பம் ஒண்டா இருட்டுன்டா, லைட்டுக்குன்டு தனியாப் போற கம்பில பிரச்சின. அது லெகோ மாதிரி கரண்டு குடுக்கிற கம்பனிட வேல. சபைக்குக் கடுதாசி எழுதி மூணு மாசம் காத்திருந்தா ஒண்டும் நடக்காது.

ஏழாம் வட்டாரம்:
தங்கச்சி, இது ஒரு கம்பம்தான். சபை வேலைதான். செய்யிற ஆளுக்குச் சம்பளம் எங்கட காசிலதான்.

பழைய கோப்பு:
செய்யிற ஆளே இல்லாம இருக்கலாம் எண்டது உமக்கு விளங்கேல்ல. மின்னியலாளர் பதவி அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில இருந்தாத்தான் ஆள் எடுக்கலாம். அந்த ஆளணியை அங்கீகரிக்கிறது திறைசேரிக்குக் கீழ இருக்கிற முகாமைத்துவச் சேவைகள் திணைக்களம். நியமனம் மாகாண அரச சேவை ஆணைக்குழுவின்ர பக்கம். ஆள் ஓய்வு பெற்றா வெற்றிடம் அறிவிச்சுப்போட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். தவிசாளர் மேசையில அடிச்சாலும் ஒருத்தரை நிரந்தரமா எடுக்கேலாது. அதால அமைய ஊழியரை நாட்கூலிக்குப் பிடிப்பினம். அந்தக் கூலிக்கு மீளளிப்பு இல்லை, அது சபையின்ர சொந்தக் காசு. அதாவது நிரந்தர ஆள் குறையக் குறைய சபைக்குச் செலவு கூடும். இதை அந்தப் பெரிய மனுசர் எழுதியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டன்.

அடுத்தது வாளி வண்டி, ஆளைக் கம்ப உயரத்துக்குத் தூக்கிறது. சின்னச் சபையில கனக்க ஒண்டுதான் நிக்கும். ஹைட்ரோலிக் சீல் கசிஞ்சா மூண்டு விலைமனு எடுக்கவேணும், தொழில்நுட்பக் குழு பார்க்கவேணும், செலவுத் தலைப்பில மிச்சம் இருக்கவேணும். மிச்சம் இல்லையெண்டா வேற தலைப்பில இருந்து மாத்தச் சபை அனுமதி. சபை கூடுறது மாசத்துக்கு ஒருக்கா. இப்ப எண்ணும் உம்மட மூண்டு மாசத்தை.

கரையோரம்:
இதுதான் சின்னச் சபையளின்ர சீத்துவம். வெள்ளவத்தைப் பக்கம் வந்து பாருங்கோ. கொழும்பு மாநகர சபை 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தில உருவானது, சும்மா இல்லை.

நிஸா தெஹிவளை:
1865 சரி. ஒரு மணித்தியால மழைக்கே ஒங்கட ஒழுங்கை எல்லாம் முழங்கால் தண்ணி. 2026 பட்ஜெட் மொதத் தரம் போட்டப்போ தோத்தது எந்த சபை? 117 உறுப்பினர் உள்ள ஒங்கட சபதானே? திரும்பப் போட்டுத்தானே பாஸாகின.

கரையோரம்:
காலி வீதி ஏ2 நெடுஞ்சாலை. அதின்ர வடிகான் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது. அதை ஏன் மாநகர சபையின்ர தலையில கட்டுறீங்கள்?

நிஸா தெஹிவளை:
நான் ஒழுங்கைன்டு செல்றேன், நீங்க காலி வீதின்டு செல்றீங்க.

யாழ்தேவிப் பயணி:
பாதீடு தோக்கிறதைப் பற்றி எங்களிட்டக் கேளுங்கோ. யாழ்ப்பாண மாநகர சபையில 2020 டிசெம்பரில ரெண்டாந்தரமும் தோற்று முதல்வர் பதவியே போனது. கொழும்பில அந்த ரோசம் எங்க?

பழைய கோப்பு:
ரோசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. பாதீடு தோத்தா முதல்வர் பதவிக்கு என்ன நடக்கும் எண்டதுக்கு 2012 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்து வாசியும்.

யாழ்தேவிப் பயணி:
எல்லாத்துக்கும் ஒரு இலக்கம் வைச்சிருக்கிறார் ஐயா.

ஏழாம் வட்டாரம்:
தலைப்பை மாத்தாதேங்கோ. அவர் சொல்ற மீளளிப்பு எல்லாச் சபைக்கும் முழுசா வருதா? ஓம், இல்லை, ஒரு சொல்லு.

பழைய கோப்பு:
சபைக்குச் சபை வீதம் வேற. வருமானம் கூடின சபையள் ஒரு பங்கைத் தாங்களே போடவேணும்.

ஏழாம் வட்டாரம்:
ஆ! அந்தப் பங்கு எங்க இருந்து வருது? சோலைவரி! எல்லாரும் வடிவாப் பாருங்கோ. சம்பளம் எங்கட வரிக்காசு.

பழைய கோப்பு:
ஒரு பங்கு எண்டு எழுதினன், "சம்பளம்" எண்டு எழுதேல்ல. பங்கும் முழுசும் ஒண்டு எண்டா நீர் காலாண்டுக்கு மட்டும் கட்டிப்போட்டு வருசத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேளும், தருவினமோ பாப்பம்.

சோலைவரி எவ்வளவு எண்டாவது தெரியுமே? வீட்டின்ர வருடாந்தப் பெறுமதி, அதாவது சபை மதிப்பிடுற வருச வாடகை, 30,000 எண்டும் வீதம் 8% எண்டும் வைப்பம். வருசத்துக்கு 2,400, காலாண்டுக்கு 600. ஜனவரி 31க்கு முதல் முழுசாக் கட்டினா 10% கழிவு, 2,160 ஓட முடிஞ்சுது. காலாண்டின்ர முதல் மாசத்துக்குள்ள கட்டினா 5%. அதால ஜனவரியில சபையின்ர வங்கிக் கணக்கு நிறைஞ்சு கிடக்கும், செப்டெம்பரில தரை தட்டும். விளக்குக்கு எண்டு பாதீட்டில ஒதுக்கினது அப்பவும் புத்தகத்தில அப்பிடியே இருக்கும். ஒதுக்கீடு இருக்கிறது வேற, காசு இருக்கிறது வேற. எல்லாச் சபையும் பாதீட்டில ஒரு சின்ன மிகுதி காட்டும். அந்த மிகுதிக்குள்ள, வசூலிக்கேலாம வருசக்கணக்கா இழுபடுற நிலுவையும் வருமானமாக் குந்தியிருக்கும். காணி உறுதி எழுதேக்க கட்டுற முத்திரைத் தீர்வையும் அப்பிடித்தான். முதலில மாகாணத்துக்குப் போய், ஆறுதலாச் சபைக்கு வரும். மதிப்பீட்டை அஞ்சு வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கவேணும். தேர்தல் கிட்ட வந்தா அதைத் தொட ஆருக்கும் துணிவில்லை.

வத்தைக்காரன்:
அண்ணே, ஒரு சந்தேகம். இவ்வளவு கணக்கும் தெரிஞ்ச நீங்க, எங்க வத்தைக்கு, அதான் சந்துக்குள்ள ஒட்டி ஒட்டி வீடு இருக்கிற தோட்டத்துக்கு, ஏன் குப்பை வண்டி வர்றதில்லன்னு சொல்லுங்க. அப்புறம் சபையில இருந்து வர்ற கடிதமெல்லாம் சிங்களத்துல மட்டும்தான் இருக்கு. அதுக்கும் மானியம் வரணுமா?

பழைய கோப்பு:
கொம்பெக்டர் வண்டி ஒழுங்கைக்குள்ள திரும்ப மாட்டாது. கைவண்டியால இழுத்துச் சந்திக்குக் கொண்டுவரவேணும், அதுக்கு ரெண்டு ஆள் வேணும், அந்த ரெண்டு பேரும் அமைய ஊழியர். திரும்பவும் நான் சொன்ன இடத்துக்குத்தான் வாறீர். 2017 ஏப்ரல் 14 மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிஞ்ச பிறகு பக்கத்தில கொட்ட இடமில்லை. கரதியானைக்கோ வேற இடத்துக்கோ போய் வரிசையில நிண்டு வாறதுக்குள்ள வண்டிக்கு ரெண்டாவது நடைக்கு நேரம் இல்லாமப் போயிடும்.

கடிதத்துக்கு: அரசியலமைப்பின்ர நான்காம் அத்தியாயத்தின்படி தமிழில எழுதலாம், தமிழில பதில் கேக்கலாம். செயலாளருக்கு எழுதும், தவிசாளருக்கு இல்லை. மாநகர சபை எண்டா ஆணையாளருக்கு. கம்ப இலக்கம், ஒழுங்கை, எந்தத் திகதியில இருந்து எண்டதைப் போடும். ரெண்டு பிரதி கொண்டுபோய் ஒண்டில திகதி முத்திரை வாங்கும். தொலைபேசியில சொன்னது பதிவுப் புத்தகத்தில ஏறினாத்தான் முறைப்பாடு, ஏறாட்டி அது வெறும் கதை. பதில் இல்லையெண்டா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில, 2016 இன் 12 ஆம் இலக்கம், அந்த முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது எண்டு கேளும். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். "ஏன் செய்யேல்ல" எண்டு கேக்காதேயும், அதுக்குத் தப்பிப் பதில் எழுதுவினம். வேலைக் கட்டளையின்ர பிரதி, களஞ்சியத்தில இருக்கிற எல்ஈடி விளக்கின்ர எண்ணிக்கை, இந்த ரெண்டையும் கேளும்.

வத்தைக்காரன்:
அந்த ஆர்டிஐ பதிலும் சிங்களத்துல வந்தா?

பழைய கோப்பு:
குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாளுக்குள்ள மேன்முறையீடு.

யாழ்தேவிப் பயணி:
மேன்முறையீட்டுக்குப் பதிலும் சிங்களத்தில வரும். 😄

கரையோரம்:
உறுப்பினரே இல்லாத காலம் நல்லாத்தான் இருந்தது. 2023 மார்ச்சில சபையள் கலைஞ்சு 2025 ஜூன் மட்டும் செயலாளரும் ஆணையாளரும்தான் ஓட்டினவை. ஒரு சத்தம் சந்தடி இல்லை.

நிஸா தெஹிவளை:
சத்தம் இல்லன்டா வேல நடந்தன்டு அர்த்தமா? கேட்க ஆளில்லாம இருந்தது. எலெக்ஷனையே 2023 மார்ச் 9ல இருந்து 2025 மே 6 வரைக்கும் இழுத்தாங்க, அது ஒங்களுக்கு நல்ல காலம்.

கரையோரம்:
2018க்குப் பிறகு நாடு முழுக்க 8,000க்கு மேல உறுப்பினர். அவையின்ர கொடுப்பனவில எத்தினை பல்பு வாங்கலாம்?

ஏழாம் வட்டாரம்:
அதுவும் எங்கட வரிக்காசு!

பழைய கோப்பு:
கொடுப்பனவு வேற, சம்பளம் வேற. உறுப்பினர் ஊழியர் இல்லை. எத்தினை தரம் எழுதுறது?

ஏழாம் வட்டாரம்:
நீங்கள் எத்தினை தரம் எழுதினாலும் ஒரு பங்கு சோலைவரியில இருந்து போகுது. நீங்களே எழுதினது. படம் பிடிச்சு வைச்சிருக்கிறன்.

பழைய கோப்பு:
படத்தைச் சட்டம் போட்டு மாட்டும். எந்தச் சபை, எத்தினை வீதம் எண்டு சொல்லாம "எங்கட வரிக்காசு" எண்டு கத்துறது கணக்கில்லை. சபையின்ர நிதிக்கூற்று பெப்ரவரி முடிவுக்குள்ள கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்குப் போகவேணும். அவரின்ர அறிக்கையை எடுத்து, மீண்டெழும் (வருசா வருசம் வாற) செலவில ஆளணிச் செலவையும் வருமானத்தில மானியத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் கழியும். மிஞ்சிறதுதான் உம்மட பங்கு. அதைச் செய்துபோட்டு வந்து கதையும்.

ஏழாம் வட்டாரம்:
நீங்கள் செய்து போடுங்கோவன். எல்லாம் தெரிஞ்ச ஆள்தானே.

பழைய கோப்பு:
சந்தேகம் உம்மட. கணக்கும் நீர்தான் பார்க்கவேணும்.

நிஸா தெஹிவளை:
ரெண்டு பேரும் முடிச்சிட்டா ஒரு கேள்வி. கக்கூஸ் குழி இறைக்கிற கலி பவுசருக்குக் காசு கட்டி எவ்வளவு நாள்ள வரணும்? பற்றுச்சீட்டுல திகதியே போடுறாங்க இல்ல.

பழைய கோப்பு:
பற்றுச்சீட்டில வராது. வாகனப் பகுதியில வரிசை இலக்கம் ஒண்டு தருவினம், அதைக் கேட்டு வாங்கவேணும். குழி மூடியைத் திறக்கக்கூடியதா வைக்கவேணும், குழாய் நீளம் காணுமோ எண்டும் முதலே சொல்லவேணும். இல்லாட்டி வந்த வண்டி திரும்பிப் போகும், காசு திரும்பி வராது.

கரையோரம்:
மாநகர சபைப் பக்கம் நிலத்துக்குக் கீழ கழிவுக் குழாய் ஓடுது. எங்களுக்குப் பவுசரே தேவையில்லை.

நிஸா தெஹிவளை:
அந்தக் குழாய் எந்த வருசத்து வெள்ளக்காரன் போட்டதுன்டும் செல்லிட்டுப் போங்க.