எர்லாங்கனிலிருந்து பாம்பெர்க்: சைக்கிளும் பீரும் ஒரே நாளில் சரிவருமா?

பெடல் பாண்டி
இந்த மாசக் கடைசி சனிக்கிழமை ஒரு ரைடு போடலாம்னு இருக்கேன். காலை எட்டரைக்கு எர்லாங்கன் ஸ்டேஷன் வாசல். அங்கேருந்து மைன்-டோனாவ் கால்வாய் ஓரமாவே வடக்கே ஃபோர்க்ஹைம், புட்டன்ஹைம், கடைசியா பாம்பெர்க். சுமார் 40 கி.மீ., பெரும்பாலும் சமதரை. கால்வாய்க் கரையில கார் தொல்லை கிடையாது, புதுசா ஓட்டறவங்களும் தைரியமா வரலாம். வழியில மூணு நிறுத்தம்: ஃபோர்க்ஹைம் கெல்லர்வால்டுல ஒண்ணு, புட்டன்ஹைம் கிராமத்து புரூவரியில ஒண்ணு, பாம்பெர்க் ஷ்லெங்கர்லா புரூவரியில புகை பீர் ஒண்ணு. திரும்பி வர எஸ்1 ரயில். யார் யார் வரீங்க?

கணக்குப்பிள்ளை
வழி அருமை. அந்த மூணு நிறுத்தம்தான் இடிக்குது. இந்தப் பக்கத்துல ஒரு கிளாஸ்னாலே அரை லிட்டர். 5 சதவீத பீர் அரை லிட்டர்ல சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கு. 70 கிலோ ஆணுக்கு, எடையை வெச்சு ரத்தத்துல எவ்வளவு ஏறும்னு சொல்ற விட்மார்க் கணக்குப்படி அது ஏறக்குறைய 0.4 புரோமில், அதாவது ஒரு கிலோ ரத்தத்துக்கு 0.4 கிராம். 55 கிலோ பெண்ணுக்கு அதே கிளாஸ் 0.6-க்குப் போயிடும். உடம்பு எரிக்கிறது மணிக்கு 0.1, மிஞ்சிப் போனா 0.15. பதினொரு மணிக்கு ஃபோர்க்ஹைம்ல ஒண்ணு, ஒண்ணரைக்கு புட்டன்ஹைம்ல இன்னொண்ணுன்னு வெச்சாலும், பாம்பெர்க் நோக்கி மிதிக்கும்போது 0.5 பக்கம் ரத்தத்துல ஓடிக்கிட்டிருக்கும். வெறும் வயிறுன்னா சட்டுனு ஏறும்.

பெடல் பாண்டி
ஜெர்மனியில சைக்கிளுக்கு எல்லை 1.6 தானே அண்ணே? நீங்க சொல்ற கணக்கு மூணுல ஒரு பங்குகூட வரலையே.

கணக்குப்பிள்ளை
எல்லா ஆபீஸ் கேன்டீன்லயும் இதையேதான் சொல்றாங்க. 1.6-ங்கறது, நீ எவ்வளவு நேரா ஓட்டினாலும் குற்றம்னு எடுத்துக்கற அளவு. அதுக்குக் கீழே இருந்தா தப்பிச்சோம்னு அர்த்தமில்லை. 0.3 இருந்து, வண்டி தள்ளாடினாலோ யார் மேலயாவது மோதினாலோ, அதே குற்றவியல் சட்டம் 316-வது பிரிவுல வழக்குப் போடலாம். அபராதம், இல்லேன்னா ஒரு வருஷம் வரைக்கும் சிறை. 1.6-ஐத் தொட்டா எம்பியு, அதான் அந்த உளவியல் பரிசோதனை. அதுல தேறலைன்னா கார் லைசென்ஸையே பிடுங்கிடுவாங்க. ஓட்டினது சைக்கிள், போறது கார் லைசென்ஸ். குடியுரிமைக்கு மனு போட்டிருக்கறவங்க நம்ம குரூப்புலயே எத்தனை பேர்?

பிராங்கன்வாசி
பிள்ளை, சட்டம் சரி, மிரட்டல் வேண்டாம். குடியுரிமைக்கு 90 நாள் சம்பளம் வரைக்குமான அபராதத்தைக் கணக்குல எடுக்கறதில்லை. முதல் தடவை சைக்கிள் கேஸ் அந்த அளவுக்குப் போறது அபூர்வம். அதுக்காகக் குடிச்சிட்டு ஓட்டுங்கன்னு சொல்ல வரலை.

நெக்கர்_நாகா
என்னோடது இ-பைக். எனக்கும் இதே கணக்குதானா?

கணக்குப்பிள்ளை
25 கி.மீ. வேகத்தோட மோட்டார் உதவி நின்னுடும்னா அது சைக்கிள்தான். 45 வரைக்கும் போற எஸ்-பெடலெக் மோட்டார் வண்டி, அதுக்கு 0.5. வாடகை இ-ஸ்கூட்டருக்கும் 0.5 தான். பீர் முடிச்சு ஸ்கூட்டர்ல ஸ்டேஷன் போகலாம்னு எவனாவது நினைச்சா, அதுவும் வேலைக்காகாது.

200கிமீ
பிரெவே, அதான் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், ஓட்டறவனா சொல்றேன், சட்டத்தை விடுங்க. நடுவழியில ஆல்கஹால் எதுக்கு? பீர் குடிச்சா தாகம் அடங்கின மாதிரி இருக்கும், உடம்பு தண்ணியை வெளியே தள்ளிடும். அனிச்சை மந்தமாகும். கால்வாய்க் கரையில கார் வராது, சரி. குழந்தை வரும், நாய் வரும், எதிர்ல ரோலர் ஸ்கேட் வரும். ஒரு பக்கம் தண்ணி வேற. ரெண்டு பீருக்கு அப்புறம் பத்துப் பேர் வரிசையா போனா, முன்னாடி இருக்கறவன் பிரேக் பிடிச்சா பின்னாடி நாலு பேர் விழுவாங்க. குடிக்கணும்னா ரயில்ல பாம்பெர்க் போய் நல்லாக் குடிங்க. பாவம், சைக்கிளை ஏன் சாட்சிக்குக் கூப்பிடறீங்க?

பிராங்கன்வாசி
ஏன்னு நான் சொல்றேன். இந்தப் பிராந்தியத்துல பீர் இருக்கற இடத்துக்கு ரயில் போறதில்லை தம்பி. மேல் பிராங்கோனியாவுல மட்டும் நூத்துக்கும் மேல புரூவரி. பாதிக்கு மேல கிராமத்துல, ஒரு குடும்பம் காய்ச்சி, அந்த ஊரும் சுத்துப்பட்டு நாலு ஊரும் குடிச்சுத் தீர்க்கற அளவு. பாட்டிலே போடாத பீர் இருக்கு. நூர்ன்பெர்க் சூப்பர் மார்க்கெட்டுல தேடினாலும் கிடைக்காது. போய்த்தான் குடிக்கணும். காரை விட்டா மிச்சம் இருக்கறது சைக்கிளும் காலும்தான்.

பாண்டி 'கெல்லர்வால்டு'ன்னு ஒரு வரியில முடிச்சிட்டாரு. அது பார் இல்லை. இந்த வகை பீருக்கான ஈஸ்ட் குளிர்லதான் வேலை செய்யும். அதனால குளிர்சாதனம் வர்றதுக்கு முன்னாடி குளிர்காலத்துல காய்ச்சி, கோடைக்குக் கெடாம வெச்சிருக்க மலையோட மணல்பாறையைக் குடைஞ்சாங்க. உள்ளே வருஷம் பூரா 8 லேர்ந்து 10 டிகிரி. மேல வெயில் படாம இருக்க மரம் வெச்சாங்க. மரநிழல்ல பெஞ்சு போட்டு அங்கேயே ஊத்தவும் ஆரம்பிச்சாங்க. ஃபோர்க்ஹைம்ல அப்படி இருபதுக்கும் மேல பாறை அறைகள் ஒரே காட்டுச் சரிவுல வரிசையா இருக்கு. 1840-லேர்ந்து ஜூலைக் கடைசியில அங்கே அன்னாஃபெஸ்ட் திருவிழா. அந்த வாரம் மட்டும் சைக்கிளோட அந்தப் பக்கம் போகாதீங்க, தள்ளக்கூட இடம் இருக்காது.

ஒரு திருத்தம்: கெல்லர்வால்டு ஊருக்குக் கிழக்கே மேட்டுல இருக்கு. பாண்டி சொல்ற சமதரையில அது சேராது. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கறதுதான் ஆபத்து, அதுவும் பீருக்கு அப்புறம்.

200கிமீ
கடைசி வரியில நீங்களே என் கட்சிக்கு வந்துட்டீங்க.

மீனா_நூர்ன்பெர்க்
ஆம்பளைங்க எல்லாரும் புரோமில் கணக்குப் போட்டு முடிச்சாச்சா? குடிக்காதவ ஒருத்தி சொல்றதையும் கேளுங்க.

எனக்குக் கெல்லர் ரொம்பப் பிடிக்கும். பழைய வழக்கம் விடாத இடத்துல நம்ம சாப்பாட்டை நாமே கொண்டு போகலாம், குடிக்கறதை மட்டும் அங்கே வாங்கணும். பவேரியாவுல பீர் கார்டனுக்குன்னு 1999-ல போட்ட அரசு விதியோட விளக்கவுரையிலயே அதை பீர் கார்டனோட அடையாளமாச் சொல்லியிருக்கு. பக்கத்து மேஜைக்காரங்க முள்ளங்கி சீவிக்கிட்டிருப்பாங்க, நான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பேன், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. குழந்தைங்க மண்ணுல விளையாடும். டாஸ்மாக் வாசலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, குடிக்கற இடத்துல பாட்டியும் பேத்தியும் பக்கத்துல உக்காந்திருக்கறது இன்னிக்கும் அதிசயம்தான்.

ஆனா போன ரைடுல நடந்ததையும் சொல்லணும். அரை மணி நேர நிறுத்தம்னு சொன்னது ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. குடிக்காத நாங்க நாலு பேர் ஆப்பிள் ஜூஸை உறிஞ்சிக்கிட்டு ஹெல்மெட்டோட காத்துக்கிட்டிருந்தோம். சாயங்காலம் ரயில்ல சத்தம், பாட்டு. வழி காட்டிக்கிட்டு வந்தவரே மூணாவது கிளாஸ்ல இருந்தாரு. எனக்கு பீர் பிரச்னையே இல்லை. பத்துப் பேர் நாளை ரெண்டு பேரோட கிளாஸ் ஓட்டக்கூடாது. முன்னாடி ஓட்டறவர் பாம்பெர்க் போற வரைக்கும் ஒரு சொட்டுத் தொடக்கூடாதுன்னு பாண்டி இங்கேயே எழுதட்டும், நான் வரேன்.

சூரிச் சந்தி
இஞ்ச சுவிஸில சைக்கிளுக்கும் காருக்கும் ஒரே கணக்குதான், 0.5. நெதர்லாந்திலயும் 0.5. ஒஸ்ரியாவில சைக்கிளுக்கு 0.8. நாள் முழுக்க சைக்கிளிலயே திரியிற டச்சுக்காரனே 0.5 எண்டு வச்சிருக்கிறான், ஜெர்மன்காரன் 1.6 எண்டு விட்டிருக்கிறதுதான் எனக்கு விளங்கேல்லை. பாண்டி அண்ணா, சட்டம் விட்டுக்குடுக்குது எண்டதுக்காக நாங்களும் அந்த எல்லை மட்டும் போகவேணுமே? தங்கச்சி மீனா சொல்லுறது நியாயம். நான் போடன்சே ஏரிப் பக்கம் ஓடேக்க கடைசி நிறுத்தத்திலதான் கிளாஸ் எடுக்கிறது. அதுக்குப் பிறகு சைக்கிள் றெயினில வரும்.

நெக்கர்_நாகா
நம்ம இந்தியாவுல சைக்கிளுக்கு இப்படி எல்லையே கிடையாதே. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுல 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்னு இருக்கறது மோட்டார் வண்டிக்கு மட்டும்தான்.

கணக்குப்பிள்ளை
அந்த 30 மில்லிகிராம் ஏறத்தாழ 0.3 புரோமில். கார் ஓட்டறவனுக்கு ஜெர்மனியை விட நம்ம ஊர்தான் கறார். அதை இங்கே யாரும் சொல்றதில்லை.

பெடல் பாண்டி
சரி, ஒரு நடுவழி. ஃபோர்க்ஹைம்லயும் புட்டன்ஹைம்லயும் ராட்லர். பாதி பீர், பாதி எலுமிச்சை சோடா. 2.5 சதவீதம்தான் வரும். மூனிச் பக்கத்துல ஒரு ஓட்டல்காரர் 1922-ல ஆயிரக்கணக்கான சைக்கிள்காரங்க ஒரேநாள்ல வந்து குவிஞ்சதால, பீர் பத்தாம சோடா கலந்து கண்டுபிடிச்சதாமே?

பிராங்கன்வாசி
நல்ல கதை. ஆனா அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே ராட்லரைப் பத்தி அச்சுல வந்தாச்சு. ஓட்டல்காரங்க சொல்ற வருஷத்தை எப்பவும் பாதிதான் நம்பணும். அதுசரி, புட்டன்ஹைம்ல ரெண்டு நல்ல புரூவரி இருக்கு. அங்கே போய் சோடா கலந்து குடிக்கணுமா?

200கிமீ
ராட்லரும் வேண்டாம். ஆல்கஹால் இல்லாத கோதுமை பீர் எல்லா இடத்துலயும் கிடைக்குது. 2009 மூனிச் மாரத்தான்ல 277 ஓட்டக்காரங்களை வெச்சு ஆராய்ச்சியே பண்ணினாங்க. முன்னாடி மூணு வாரம், பின்னாடி ரெண்டு வாரம் தினமும் குடிச்சவங்களுக்கு அழற்சியும் சளித்தொல்லையும் குறைஞ்சுது.

மீனா_நூர்ன்பெர்க்
அதுக்குப் பணம் குடுத்தது ஒரு பீர் கம்பெனி. தினமும் ஒரு லிட்டர்லேர்ந்து ஒண்ணரை லிட்டர் வரைக்கும் குடிக்க வெச்சாங்க. சனிக்கிழமை ஒரு கிளாஸுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ருசிக்காகக் குடிக்கறேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். மருந்துன்னு சொல்லாதீங்க.

பிராங்கன்வாசி
ருசின்னு எடுத்ததால சொல்றேன். ஆல்கஹால் இல்லாததைக் குடிச்சு வயித்தை ரொப்பிக்கிட்டு பாம்பெர்க் போனா, வந்த காரியம் கெட்டுடும். ஷ்லெங்கர்லாவுல மால்ட்டை, அதான் முளைகட்டின தானியத்தை, பீச் மரத்தீயில காய வைக்கறாங்க. ஒரு காலத்துல விறகுத் தீயில காய வெச்ச எந்த மால்ட்டுலயும் கொஞ்சம் புகை வாசனை இருக்கும். புகை படாத உலை வந்ததும் மத்த ஊரெல்லாம் அதுக்கு மாறிடுச்சு. பாம்பெர்க்ல ஷ்லெங்கர்லா, ஸ்பெட்சியால் ரெண்டு புரூவரியும் மாறலை, இன்னிக்கும் மால்ட்டைத் தாங்களே புகை போட்டுக் காய வைக்கறாங்க. முதல் வாய்க்கு ஹாம் வாசனை தூக்கலா வரும், பாதிப் பேர் முகம் சுளிப்பாங்க. மூணாவது கிளாஸ்லதான் பிடிபடும்னு ஊர்க்காரங்க சொல்வாங்க.

கணக்குப்பிள்ளை
மூணாவது கிளாஸ்! ஷ்லெங்கர்லாவோட மார்ட்சன் புகை பீர் 5.1 சதவீதம். மொத்தம் 1.2 புரோமில். எழுதி வெச்சுக்கோங்க.

மீனா_நூர்ன்பெர்க்
எங்க வீட்டுக்காரர் கிளாஸை மோந்து பார்த்திருக்கேன். ஹாமெல்லாம் எனக்குத் தெரியாது. அடுப்புல சுட்ட கத்தரிக்காய்த் தோலை உரிக்கும்போது வர்ற வாசனை.

பெடல் பாண்டி
சரி, திட்டத்தை மாத்தி எழுதறேன். ஃபோர்க்ஹைம்ல கெல்லர்வால்டு ஏறி காலைச் சாப்பாடு, முக்கால் மணி நேரம், ஆல்கஹால் இல்லை. புட்டன்ஹைம்ல புரூவரிக்குப் பதிலா லீவை ஸ்ட்ராஸ் பிறந்த வீடு. ஜீன்ஸ் கம்பெனி ஆரம்பிச்சவர் 1829-ல பிறந்தது அந்தக் கிராமத்துலதான், இப்ப மியூசியமா இருக்கு. மதியம் பாம்பெர்க். சைக்கிளை ஸ்டேஷன்ல பூட்டிட்டு பழைய ஊருக்கு நடை. அங்கே அவங்கவங்க விருப்பம். முன்னாடி ஓட்டறது நான், பாம்பெர்க் வரைக்கும் தொட மாட்டேன். மீனா அக்கா, எழுதிட்டேன்.

பிராங்கன்வாசி
கெல்லர்வால்டு வரைக்கும் ஏறி ஒரு ஸைட்லா, அதான் அரை லிட்டர் பீர், குடிக்காம இறங்கணுமா? மலை மேல கோயிலுக்குப் போய் கும்பிடாம திரும்பற கூட்டத்தை இப்பத்தான் பார்க்கறேன். என்னை எண்ணிக்கையில சேர்க்காதே தம்பி. நான் ஆவ்ஸெஸ் பக்கம் நடக்கப் போறேன். ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கற ஊராட்சிக்கு நாலு புரூவரி, 2000-ல கின்னஸ் புத்தகத்துலயே ஏறின ஊர். நாலையும் சேர்த்து சுமார் 14 கி.மீ. நடைபாதை. விழுந்தாலும் புல்லு மேலதான்.

கணக்குப்பிள்ளை
பாண்டி, இப்ப பாதி சரியாச்சு. மீதிப் பாதி: எர்லாங்கன்ல ரயில் இறங்கினதும் வீட்டுக்கு எப்படி? உனக்கு ஸ்டேஷன்லேர்ந்து ஆறு கிலோமீட்டர். நேரா சேணத்துல ஏறத்தானே போறே?

பெடல் பாண்டி
தள்ளிக்கிட்டு நடக்கறேன். தள்ளறவன் பாதசாரிதானே?

கணக்குப்பிள்ளை
ஆமா, தள்ளினா குற்றமில்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளுவியான்னு கேட்டேன்.

200கிமீ
நான் வரேன், ரயில்ல ஏற மாட்டேன். நீங்க ஷ்லெங்கர்லாவுல உக்காருங்க, நான் ஒரு காபி குடிச்சிட்டு அதே வழியில திரும்பி மிதிக்கறேன். மொத்தம் 80 கி.மீ. ஆகும். துணைக்கு யாராவது வரீங்களா?

மீனா_நூர்ன்பெர்க்
எனக்கு 80 ஜாஸ்தி. ஃபோர்க்ஹைம் வரைக்கும் உங்களோட வந்து அங்கே ரயில் பிடிச்சுக்கறேன். சனிக்கிழமை சாயங்காலம் பாம்பெர்க்ல ஏறினா எஸ்1-ல சைக்கிள் வைக்க இடம் கிடைக்கறதே பெரும்பாடு, பத்து சைக்கிளை மொத்தமா ஏத்த முடியாது. பாண்டி, ரெண்டு ரயிலாப் பிரிச்சுக்கோங்க. அன்னிக்கு மழைன்னா கெல்லர் திறக்க மாட்டாங்க, வெள்ளிக்கிழமையே போன் பண்ணிக் கேட்டுடுங்க.