[சொல்லாக்கம்] அட்டவணையில் 'செட்டிங் டைம்': தமிழில் என்ன போடுவது?

இராமநாதபுரம், கையேட்டுத் தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் அரியமான் பக்கம் கூட்டமாகப் போய், கடற்கரையில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்காக ஒரு சின்ன இனிப்புக் கையேடு தயாராகிறது. வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். இளநீர்க் கடல்பாசி, பதநீரும் நுங்கும் சேர்த்த கடல்பாசி, முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டலப்பம், அரிசி மாவும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டும் தொதல் என்று நான்கு பண்டங்கள். நான்கையும் முதல் நாளே வீட்டில் செய்து எடுத்துப் போகலாம், இருபது பேருக்குத் தாராளமாகப் பங்கு வைக்கலாம்.

மூல அட்டவணையில் நான்குக்கும் பொதுவாக 'செட்டிங் டைம்' என்று ஒரு பத்தி இருக்கிறது. இப்போதைக்கு 'உறையும் நேரம்' என்று போட்டேன். வரைவை வைத்துச் செய்து பார்த்தவர்களில் சிலர் கடல்பாசித் தட்டை ஃப்ரீசரில் வைத்துவிட்டார்கள். "உறைய வைக்கவும்னுதானே போட்டிருக்கு" என்கிறார்கள். படிக்கிறவரை ஃப்ரீசருக்கு அனுப்பாத ஒரு சொல் வேண்டும். சுருக்கமாக இருக்கட்டும், பத்தியின் அகலம் குறைவு.

கீழக்கரை, சமையல் பயிற்றுநர்

சொல்லுக்கு முன்னால் செய்முறையைச் சரியாக எழுதிவிடுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

ஒரு லிட்டர் இளநீருக்கு உலர்ந்த கடல்பாசி இழை (கடையில் 'சைனா கிராஸ்' என்பார்கள்) 10 கிராம். வெயிலில் எடுத்துப் போவதென்றால் 12. கத்தரியால் நறுக்கி அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு அந்த லிட்டரிலிருந்து கால் லிட்டர் இளநீரை எடுத்து, அதில் பாசியைப் போட்டுக் காய்ச்ச வேண்டும். நன்றாகக் கொதி வந்து எட்டுப் பத்து நிமிடம் ஆகும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடி நூல் மாதிரி எதுவும் தொங்கக் கூடாது. தொங்கினால் இன்னும் கரையவில்லை என்று பொருள். சர்க்கரையை அதற்குப் பிறகுதான் போட வேண்டும், முந்திப் போட்டால் பாசி கரைய மறுக்கும். வடிகட்டி, மீதி இளநீரை வெதுவெதுப்பாக்கி ஊற்றிக் கலக்குங்கள். குளிர்ந்ததை ஊற்றினால் அங்கங்கே திப்பி திப்பியாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டில் ஊற்றி அசையாமல் வைத்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஃப்ரிட்ஜ்கூட வேண்டாம்.

எங்கள் வீடுகளில் இதற்கு 'உறைதல்' என்றுதான் சொல்வார்கள். "கடல்பாசி உறைஞ்சிருச்சா?" என்று கேட்டால் யாருக்கும் ஃப்ரீசர் நினைவு வராது.

பரமக்குடி, தமிழாசிரியர்

அம்மா சொல்வது முற்றிலும் சரி. உறை என்ற சொல்லுக்குப் பனிக்கட்டியோடு பிறவித் தொடர்பு கிடையாது. பெரும்பாணாற்றுப்படை 'உறையமை தீந்தயிர்' என்கிறது. புறநானூறு 276இல் 'குடப்பால் சில்லுறை' வருகிறது. குடம் நிறைந்த பாலில் விழும் சிறு துளி மோர் மொத்தப் பாலையும் மாற்றிவிடுவதைப் போல, ஒரு வீரன் பகைவர் படை முழுவதற்கும் நோயானான் என்பது பாட்டின் கருத்து. இன்றைக்கும் இரத்தம் உறைகிறது என்கிறோம். அங்கே குளிர் எங்கே இருக்கிறது? உறைநிலை, உறைபனி என்று பாடநூல் பழக்கியதால் சொல்லின் ஒரு கிளை மட்டும் பெருத்துவிட்டது. அதற்காக வேரையே வெட்டலாமா?

வேறு சொல்தான் வேண்டுமென்றால் குறுந்தொகை 167 இருக்கிறது: 'முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்'. நன்கு தோய்ந்து முற்றிய தயிர். 'முளிநேரம்' ஐந்தே எழுத்து, பத்தியில் அடங்கும். உறு, உறை, உறைவிடம், உறவு என்று போகும் சொற்குடும்பத்தையும் பாருங்கள். ஓரிடத்தில் நிலைத்துத் தங்குவதே அடிப்பொருள். அலைந்துகொண்டிருந்த நீர்மம் தங்கிவிடுவது உறைதல். பாண்டத்துக்குள் தங்குவதால் வாளின் உறையும் அதே வழி வந்ததா என்பது தனியே ஆராயத் தக்கது.

மண்டபம், உயிர்வேதியியல்

ஐயா, 'முளி' வேண்டாம். முளிபுல், முளிமரம் எல்லாம் காய்ந்தவை. கடல்பாசி உறையும்போது தண்ணீர் போவதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு நிற்பதுதான் அதன் சிறப்பே. காய்தல் பொருள் தரும் சொல் நேர் எதிர்.

ஃப்ரீசரில் என்ன கெடுகிறது என்பதைக் கையேட்டில் இரண்டு வரியாவது எழுத வேண்டும். கடல்பாசி இழையில் இருக்கும் அகர் என்ற பொருள் 32 முதல் 40 டிகிரிக்குள் ஆறும்போது வலைபோலப் பின்னிக்கொள்கிறது. மறுபடி இளக 85 டிகிரி வரை சூடாக வேண்டும். அதனால்தான் மே மாத மதியத்திலும் மணலில் வைத்த தட்டு இளகாது. ஜெலட்டின் முப்பது முப்பத்தைந்திலேயே ஓடிவிடும், நம் கரைக்கு அது உதவாது. கடல்பாசியை ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே நீர் பனிப்படிகமாகி அந்த வலையைக் கிழிக்கும். வெளியே எடுத்ததும் தட்டு நிறையத் தண்ணீர், நடுவில் கடற்பஞ்சு மாதிரி ஒரு சக்கை. அகர் தயாரிப்பில் நீரைப் பிரித்தெடுக்க இதையேதான் செய்கிறார்கள். தொழிலுக்கு நல்லது, விருந்துக்குக் கேடு.

இன்னொன்று. வரைவின் முதல் பக்கத்தில் 'பாக் நீரிணையில் மிதவை கட்டி வளர்க்கும் பாசியிலிருந்து சைனா கிராஸ்' என்று இருக்கிறது. நீக்கிவிடுங்கள். மூங்கில் மிதவையில் வளர்ப்பது கப்பாஃபைகஸ். அதிலிருந்து வருவது கராஜீனன், வேறு பொருள், வேறு அளவு. அகர் தருபவை நம் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும். இரண்டையும் ஒன்றாக எழுதினால் பாசி எடுக்கிறவர்களே கையேட்டை நம்ப மாட்டார்கள்.

தொண்டி, மொழிபெயர்ப்பாளர்

உறை பழைய சொல், அழகான சொல், எல்லாம் சரி. ஆனால் படித்தவர்கள் தட்டை ஃப்ரீசரில் வைத்தார்கள் என்பது நடந்த உண்மை. புறநானூற்றைக் காட்டி அவர்களைத் திருத்த முடியாது. வாசகர் எப்படி வாசிக்கிறாரோ அதுதான் அச்சில் சொல்லின் பொருள்.

என் பரிந்துரை 'ஆறிறுகல்'. ஆறுவதால் இறுகுவது. காரணமும் விளைவும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன, ஃப்ரீசருக்கு வழியே இல்லை.

பரமக்குடி, தமிழாசிரியர்

> ஆறிறுகல்

'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்கிறது நன்னூல், புணர்ச்சியில் குறையில்லை. தொகையில்தான் சிக்கல். வினைத்தொகை காலம் கரந்த பெயரெச்சம். ஊறுகாய் என்றால் ஊறுவது காய். ஆறிறுகல் என்றால் ஆறுவது எது? இறுகலா? ஆறுவது பாசிக் கரைசல், அது தொகையில் இல்லவே இல்லை. 'ஆறி இறுகல்' என்று எச்சமாக விரித்தால் பொருள் நிற்கும், சுருக்கம் போய்விடும். ஆறு என்பது எண்ணா, நதியா என்ற தடுமாற்றம் வேறு.

தெற்கே வழங்கும் 'புரை' நம்மிடம் இருக்கிறதே? தயிராகப் பாலுக்குப் புரை ஊற்றுகிறோம். 'புரையேறு நேரம்' என்று வைக்கலாம்.

கீழக்கரை, சமையல் பயிற்றுநர்

ஐயா, தயவுசெய்து புரையை விட்டுவிடுங்கள். தண்ணீர் குடிக்கும்போது ஏறுவதுதான் புரை என்று படிப்பார்கள். அதைவிட, வட்டலப்பத்தில் புரை என்பது கெட்டுப்போனதன் அடையாளம்.

முட்டை பத்து, கருப்பட்டி 400 கிராம், முதல் தேங்காய்ப்பால் அரை லிட்டர், ஏலக்காய். கருப்பட்டியைக் கொஞ்சம் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவிட வேண்டும். முட்டையை நுரைக்க அடிக்கக் கூடாது, கலக்கினால் போதும். எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு தடவை வடிகட்டி, மூடிக்கு அடியில் துணி கட்டி, சிறு தீயில் நாற்பது நாற்பத்தைந்து நிமிடம் ஆவியில் வைக்க வேண்டும். தீ கூடினால் முட்டை சட்டென்று இறுகி நீரை வெளியே தள்ளும். வெட்டிப் பார்த்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதைத்தான் "புரை விழுந்திருச்சு" என்கிறோம். துணி கட்டாவிட்டால் மூடியில் கோத்த நீர் சொட்டி மேலே குழி விழும். எடுத்துப் போகும்போது பனிக்கட்டிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். முட்டையும் தேங்காய்ப்பாலும் வெயிலில் இரண்டு மணி நேரம்கூட இருக்கக் கூடாது.

'இறுகல்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். "தொதல் இறுகிப்போச்சு" என்றால் கிண்டினவளைக் குறை சொல்கிறார்கள் என்று பொருள். அரிசி மாவு கால் கிலோ, கருப்பட்டி அரைக் கிலோ, மூன்று தேங்காய்ப் பால் என்று போட்டால் ஒன்றரை இரண்டு மணி நேரம் கை ஓயாமல் கிண்ட வேண்டும். கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி தெரிய வேண்டும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அந்த இடத்துக்கு 'சுருண்டு வருதல்' என்று பெயர். அதற்கு முன்னால் இறக்கினால் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும், தாண்டினால் இறுகும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மாவு விறைத்து இறுகும்.

ஆக, கடல்பாசி ஆறி உறையும். வட்டலப்பம் வெந்து கூடும். தொதல் சுருளும். மூன்றுக்கும் மூன்று சொல் இருக்கும்போது எதற்கு ஒரே சொல்லைத் தேடுகிறோம்?

தொண்டி, மொழிபெயர்ப்பாளர்

அட்டவணைக்கு ஒரு தலைப்புதான் இருக்க முடியும், அதற்காக. அடுப்படியில் இன்று இளையவர்கள் சொல்வது 'செட் ஆயிருச்சா' என்பதுதான். இறுகலும் வேண்டாம் என்றால் 'செட் ஆகும் நேரம்' என்றே அச்சிடுங்கள். புரியாதவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

பரமக்குடி, தமிழாசிரியர்

தயிருக்கு ஈராயிரம் ஆண்டாகச் சொல் வைத்திருக்கும் மொழியில் அதை அச்சிட என் மனம் ஒப்பாது. பேச்சில் வரட்டும், யாரும் தடுக்கவில்லை. கையேடு பயிற்சிக்குரியது. பயிற்சி நூலில் ஒருமுறை ஏறிய சொல் இறங்குவதில்லை. தொதலும் அகரும் மலாய்க் கரையிலிருந்து வந்த பெயர்கள்தாம். ஒலியும் உருவும் மாறி நம்முடையவை ஆயின, அவற்றை நான் எதிர்க்கவில்லை. வினைக்கு மாற்று இல்லாதபோது கடன் வாங்கலாம். இங்கே மாற்று ஐந்தாறு கிடக்கின்றன.

சாயல்குடி, பனைபொருள் தொழில்

சொல் விவாதத்துக்குள் நான் வரவில்லை. பதநீர்க் குறிப்பில் மூன்று திருத்தம் மட்டும்.

ஒன்று, 'பதநீர் ஒரு லிட்டர்' என்று போட்டால் போதாது. அன்று காலை இறக்கியது, சுண்ணாம்பு தெளிந்தது என்று போடுங்கள். கலயத்தின் அடி மண்டியோடு ஊற்றினால் தட்டின் அடியில் வெள்ளைப் படலம் நிற்கும், நாக்கிலும் சுண்ணாம்பு தட்டும். இரண்டு, சுண்ணாம்பு குறைந்து புளித்த பதநீர் கடல்பாசிக்கு ஆகாது. புளிப்போடு கொதித்தால் பாசி பிடிக்காமல் கொழகொழவென்று நின்றுவிடும். 300 மில்லி நீரில் பாசியைக் காய்ச்சிக் கரைத்து, 700 மில்லி பதநீரைத் தனியே சூடாக்கிச் சேர்ப்பது நல்லது. சர்க்கரை வேண்டாம். மூன்று, நுங்கைத் தோல் நீக்கி, நறுக்கி, நீர் வடித்துவிட்டு, கரைசல் லேசாகக் கனக்கத் தொடங்கும்போது போட வேண்டும். நீரோடு போட்டால் நுங்கைச் சுற்றி மட்டும் பிடிக்காது, வெட்டும்போது கழன்று விழும்.

மண்டபம், உயிர்வேதியியல்

மூன்றாவது திருத்தத்துக்கு ஒரு சேர்க்கை. வெட்டிய துண்டுகள் நேரம் ஆக ஆகத் தானாகவே நீர் கசியும். பாசி குறைவாகப் போட்ட தட்டில் அதிகம் கசியும். அதற்கும் சொல் கேட்காதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். 'தண்ணி விடுதல்' என்று எல்லாரும் சொல்வதையே 'நீர்விடுதல்' என்று போட்டுவிடலாம். தட்டோடு எடுத்துப் போய், ஈரத்துணி போர்த்தி, பரிமாறும்போது வெட்டச் சொல்லுங்கள். கடற்கரை மணலும் துணியோடு போய்விடும்.

இராமநாதபுரம், கையேட்டுத் தொகுப்பாளர்

அச்சகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. இதுவரை எழுதியவர்களில் உறைக்கு மூவர், செட்டுக்கு ஒருவர், முளிக்கும் புரைக்கும் முன்மொழிந்தவர் தவிர ஆதரவில்லை. ஐயாவையும் உறைக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன், அவர் முதலில் வாதாடியது அதற்காகத்தான்.

தலைப்பு 'உறையும் நேரம்' என்றே இருக்கும். கடல்பாசி இரண்டுக்கும் எதிரே 'வெளியில், 1 மணி. ஃப்ரீசர் கூடாது' என்று தடித்த எழுத்தில் வரும். வட்டலப்பத்துக்கு '45 நிமிடம், ஆவியில்'. தொதலுக்கு 'சுருளும்வரை, 2 மணி'. ஃப்ரீசர் வேலையைச் சொல்ல வேண்டிய இடங்களில் 'பனிக்கட்டியாக்கவும்' என்று தனிச் சொல், உறை அங்கே வராது. மிதவைப் பாசி வரி நீக்கப்பட்டது. நீர்விடுதல் ஏற்கப்பட்டது.

தொண்டி, மொழிபெயர்ப்பாளர்

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். தலைப்பு ஒன்று சொல்லி, கட்டத்துக்குள் அதற்கு மறுப்பும் எழுத வேண்டியிருக்கிறது என்றால் அந்தச் சொல் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கீழக்கரை, சமையல் பயிற்றுநர்

வட்டலப்பத்தை உறையும் நேரத்துக்குக் கீழே வைக்க நானும் ஒப்பவில்லை. அது உறைவதில்லை, வேகிறது. அந்த ஒரு வரிசையைப் பிரித்து 'வேகும் நேரம்' என்று கீழே தனியாகப் போட இடம் இருக்கிறதா? இல்லையென்றால் ஏலக்காய்க் குறிப்பை எடுத்துவிட்டு இடம் உண்டாக்குங்கள்.