கலைச்சொல்: ‘லிட்ரேச்சர் ரிவ்யூ’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறைக் கையேடு ஒன்று தயாராகிறது. ‘லிட்ரேச்சர் ரிவ்யூ’ (ஒரு தலைப்பில் முன்பு வந்த ஆய்வுகளை ஆராய்ந்து எழுதும் பகுதி) பற்றிய இயலுக்கு இன்னும் தலைப்பு முடிவாகவில்லை. புழக்கத்தில் உள்ளவை: இலக்கிய மீளாய்வு, ஆய்வு முன்னோடிகள், முன்னாய்வுகள். தமிழ்த்துறை மாணவரும் சமூகவியல் மாணவரும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும் சொல் வேண்டும். ஒரு கட்டுரையின் மேற்கோள்களைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த கட்டுரைகளுக்குப் போகும் ‘ஸ்னோபால்’ தேடலுக்கும் ஒரு சொல் தாருங்கள்.

---

வணக்கம். இலங்கையில் ‘இலக்கிய மீளாய்வு’ என்றுதான் பாவிக்கிறோம். சமூக விஞ்ஞான மாணவர்களுக்கு அதில் மயக்கம் இல்லை. தமிழ்த்துறைக்குப் போனால்தான் சிக்கல்: ‘சங்க இலக்கிய மீளாய்வு’ என்றால் பாடல்களை மீளாய்வதா, பாடல்களைப் பற்றி வந்த ஆய்வுகளை மீளாய்வதா? ஆகவே ‘இலக்கியம்’ போகட்டும். ‘மீளாய்வு’ இருக்கட்டும் என்பது என் கருத்து.

---

> ‘இலக்கியம்’ போகட்டும்

முழு உடன்பாடு. ‘ஆய்வு முன்னோடிகள்’ என்பதையும் விட்டுவிட வேண்டும் என்பேன். அந்தத் தலைப்பு ஆட்களின் பெயர். அதனால் இயலும் ஆட்களின் வரிசையாகவே எழுதப்படுகிறது: இன்னார், இந்தத் தலைப்பில், இந்த ஆண்டில் ஆய்ந்தார், அடுத்தவர், அடுத்த தலைப்பு. இருபது பத்தி படித்த பிறகும் அந்தத் துறையில் எது நிலைநாட்டப்பட்டது, எதில் கருத்து மோதல், ஏன் மோதல் என்று தெரிவதில்லை. ‘முன்னாய்வுகள்’ என்று பன்மையில் நிறுத்தினாலும் இதே குவியல்தான் வரும். சொல் செயலைச் சுட்ட வேண்டும். என் பரிந்துரை: முன்னாய்வு மதிப்பீடு.

செய்முறையும் இந்தச் சொல்லுக்குப் பொருந்திவரும். பள்ளி உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். படித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் அட்டவணையில் ஒரு கிடைவரிசை. நெடுவரிசைகள் இவை: கேட்ட கேள்வி, எந்த ஊர், எந்த ஆண்டு, யாரை அளந்தார்கள், எதை அளந்தார்கள், முடிவு, குறை. அட்டவணையை நிரப்புவது கிடையாக, எழுதுவது நெடுக்காக. கிடையாக எழுதினால் பழைய பட்டியல் திரும்பிவிடும். ‘எதை அளந்தார்கள்’ என்ற வரிசையை மேலிருந்து கீழே படித்தால், ஒருவர் பள்ளிச் சேர்க்கையையும் இன்னொருவர் அன்றாட வருகையையும் அளந்திருப்பது கண்ணில் படும். இருவர் முடிவும் முரண்படுவது போலத் தோன்றியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இதைப் பற்றி எழுதும் பத்தியின் முதல் வாக்கியத்தில் ஆசிரியர் பெயர் வரக் கூடாது. ‘சேர்க்கையும் வருகையும் ஒன்றாகக் கூடுவதில்லை’ என்பது போன்ற ஒரு கூற்று வர வேண்டும். பெயர்களும் ஆண்டுகளும் அதற்குச் சான்றாகப் பின்னால் வரும்.

இந்த மரபு நமக்குப் புதிதில்லை. நன்னூல் பாயிரத்தின் எழுவகை மதத்தை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு வகைக் கொள்கையைப் பாருங்கள். உடன்படல், மறுத்தல், இருவர் மாறுகோள் ஒருதலை துணிதல் (இருவர் முரண்படும்போது ஒரு பக்கத்தைத் தீர்மானித்தல்), பிறர்நூற் குற்றம் காட்டல் எல்லாம் முன்னூல்களை எதிர்கொள்ளும் முறைகள். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முன் உரை எழுதிய இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்று குறித்து, அவர் கருத்தை எடுத்துச் சொல்லி, காரணம் காட்டி மறுக்கிறார். மதிப்பீடு என்று நான் சொல்வது அதைத்தான். மாணவர் தம் வரைவின் ஒவ்வொரு பத்தியையும் இந்த ஏழில் எது என்று கேட்டுப் பார்க்கலாம். எதிலும் அடங்காத பத்தி பெரும்பாலும் வெறும் சுருக்கமாகவே இருக்கும்.

‘மீளாய்வு’ கைவிட வேண்டிய சொல் இல்லை. முன்கூட்டியே விதி வகுத்து, தேடி, வடிகட்டி, முந்தைய தரவுகளையே மறுபடி ஆயும் ‘சிஸ்டமாட்டிக் ரிவ்யூ’வுக்கு முறைசார் மீளாய்வு சரியாக அமையும். அங்கே உண்மையிலேயே மீள ஆய்கிறோம். அதற்குப் ‘பிரிஸ்மா 2020’ என்ற 27 உருப்படிச் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. எத்தனை கட்டுரை கிடைத்தது, எந்தக் காரணத்தால் எத்தனை நீக்கப்பட்டது என்று வரைபடமும் காட்ட வேண்டும்.

‘முன்னாய்வு’ என்றால் ‘பைலட் ஸ்டடி’ (முதலில் சிறிய அளவில் செய்துபார்க்கும் ஆய்வு) என்று எடுத்துக்கொள்வார்களே என்று யாராவது கேட்கக்கூடும். அதற்கு ‘வெள்ளோட்ட ஆய்வு’ என்று வைத்துக்கொண்டால் மோதல் தீரும்.

---

நூலகப் பக்கமிருந்து சில குறிப்புகள்.

‘ஸ்னோபால்’ தேடலை அப்படியே ‘பனிப்பந்து’ என்று பெயர்க்க வேண்டாம். ஒருவர் வழியாக இன்னொருவரைப் பிடிக்கும் மாதிரியெடுப்புக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் வழங்குகிறது, இரண்டும் குழம்பும். நன்னூலையே மறுபடி அழைக்கிறேன்: சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயையும் நிலைகளில் ‘அரிமா நோக்கம்’ என்பது சிங்கம் போல முன்னும் பின்னும் பார்ப்பது. இந்தத் தேடலும் அப்படியே. கட்டுரையின் துணைநூற்பட்டியலைப் பிடித்துப் பழைய ஆய்வுக்குப் போவது பின்னோக்கு. கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்துப் புதிய ஆய்வுக்கு வருவது முன்னோக்கு. இரண்டுக்கும் சேர்த்து அரிமாத் தேடல். புதிதாகத் திறக்கும் கட்டுரைகள் எல்லாம் நாம் படித்தவற்றையே சுட்டத் தொடங்கினால் தேடலை நிறுத்தலாம்.

கையேட்டில் தமிழ்த் தேடலுக்கென்று ஒரு பகுதி கட்டாயம் வேண்டும். மேலே சொன்ன உணவுத் திட்டத்தையே பாருங்கள். 1950களின் ‘மதிய உணவு’, 1982இல் ‘சத்துணவு’, 2022இல் தொடங்கிய ‘காலை உணவு’ என்று பெயர்கள் வேறு வேறு. ஆங்கிலத்தில் தமிழ்நாட்டு வழக்கு ‘நூன் மீல்’, ஒன்றிய அரசின் வழக்கு ‘மிட் டே மீல்’; 2021இல் அதுவும் ‘பிஎம் போஷான்’ ஆயிற்று. ஒரு பெயரை மட்டும் தேடுபவருக்கு ஒரு காலகட்டமே காணாமல் போகும். ‘உணவுத்திட்டம்’, ‘உணவுத் திட்டம்’ என்று சேர்த்தும் பிரித்தும், ‘திட்டத்தின்’, ‘திட்டங்கள்’ என்று உருபும் விகுதியும் ஏற்ற வடிவங்களிலும் தேட வேண்டும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆய்வேட்டுத் தலைப்பு ரோமன் எழுத்தில் இருந்தால் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருவில் உருவான பிடிஎஃப் கோப்புகளில் தமிழ்ச் சொல்லை உள்ளிட்டால் ஒன்றும் சிக்காது. வருடி எடுத்த வெறும் படங்களிலும் அதே கதி. எழுத்துணரி (ஓசிஆர்) கொண்டு உரையாக மாற்றாதவரை, அவற்றுக்குப் பொருளடக்கத்தைக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஒவ்வொரு தேடலுக்கும் தேதி, தரவுத்தளம், உள்ளிட்ட சொற்கள், கிடைத்த எண்ணிக்கை நான்கையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ‘இத்தலைப்பில் இதுவரை ஆய்வு இல்லை’ என்று எழுதும் உரிமை அந்தக் குறிப்பு கையில் இருப்பவருக்கே உண்டு.

---

> முன்னாய்வு மதிப்பீடு, முறைசார் மீளாய்வு

இந்தப் பிரிப்பு எனக்குச் சம்மதம். ஒரு வேண்டுகோள்: எங்கள் மாணவர்கள் ‘இலக்கிய மீளாய்வு’ என்றுதான் அகரவரிசையில் தேடுவார்கள். கலைச்சொல் பட்டியலில் அதையும் போட்டு, ‘காண்க: முன்னாய்வு மதிப்பீடு’ என்று தாருங்கள். ‘அரிமாத் தேடல்’ வரும் முதல் இடத்தில் ஒரு வரி விளக்கமும் வேண்டும். நன்னூல் படிக்காத விஞ்ஞானபீட மாணவரும் இதைக் கையில் எடுப்பார்.